புழுக்கமா, நெஞ்சு வலியா? வெப்பமான மாதங்களில் இதயமும் மனமும்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஊரில் கத்திரி வெயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அங்கே கடும் வெயில் ஒரு நாள் தொடங்கி, ஒரு நாள் முடிந்துவிடும். இங்கே ஆண்டு முழுவதும் வெப்பம்தான். ஆனாலும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் மற்ற மாதங்களைப் போல் அல்ல. காற்று அசையாமல் நிற்கும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சுவர் இரவிலும் சூட்டைக் கக்கும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதற்கு முன் அந்த அளவு பதிவானது 1983 ஏப்ரலில், தெங்காவில்.

இந்த மாதங்களில் மூத்தோர் அடிக்கடி சொல்லும் சில வார்த்தைகள் உண்டு. "ஒரே புழுக்கமா இருக்கு", "வேர்த்துக் கொட்டுது", "நெஞ்சு படபடங்குது", "மனசே சரியில்லை". பெரும்பாலான நேரம் வெயில்தான் காரணம். ஆனால் இதே வார்த்தைகளுக்குப் பின்னால் மாரடைப்பு இருக்கலாம். மருந்தின் அளவு ஒத்துப்போகாமல் இருக்கலாம். யாரிடமும் சொல்லாத தனிமையும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் வெயிலையே காரணம் சொல்லிவிட்டால் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

வெயிலில் இதயம் என்ன செய்கிறது?

ஓய்வாக இருக்கும்போது உங்கள் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அது ஒரு லட்சம் துடிப்புகளைத் தாண்டிவிடும். வெப்பம் கூடும்போது இந்த வேலை இன்னும் கூடுகிறது.

உடல் தன் சூட்டை இரண்டு வழிகளில் வெளியேற்றுகிறது. தோலுக்கு அருகில் உள்ள இரத்தக் குழாய்களை விரித்து, அங்கே அதிக இரத்தத்தை அனுப்புவது ஒன்று. வியர்ப்பது மற்றொன்று. குழாய்கள் விரியும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியுள்ளது. வியர்வையாக நீர் வெளியேறும்போது, உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு குறைந்து, அது சற்றுக் கெட்டியாகிறது. அந்தச் சுமையும் இதயத்தின் மேல்தான் விழுகிறது.

வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் காயாது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சூடு மட்டும் குறையாது. ஆகவே வெப்பநிலை எத்தனை டிகிரி என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த நிலை 2023 ஜூலையிலிருந்து பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுகிறது. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் அதைப் பார்க்கலாம். குறைவு, மிதம், அதிகம் என்று மூன்று நிலைகள் உள்ளன. செயலியைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

வயது கூடும்போது தாக உணர்வு மங்கிவிடுகிறது. வியர்க்கும் தன்மையும் குறைகிறது. உடலில் நீர் வற்றியிருந்தாலும் "எனக்குத் தாகமே இல்லையே" என்று தோன்றும். மேலும், சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவும் மாரடைப்பும் அதிகம் காணப்படுகின்றன. ஆகவே, இது நம் சமூகத்தினர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

"வெயிலுக்குத்தான் வேர்க்குது"

ஒரு எடுத்துக்காட்டு. எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. அவருக்கு நீரிழிவு உண்டு. காலை பத்தரை மணிக்கு ஈரச்சந்தையிலிருந்து இரண்டு பைகளோடு திரும்புகிறார். மின்தூக்கியை விட்டு வெளியே வரும்போது தலை லேசாகச் சுற்றுகிறது. முதுகெல்லாம் வியர்வை. மேல் வயிற்றில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல இருக்கிறது. "வெயில்ல வந்தது, வாயுவா இருக்கும்" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மாலை ஏழு மணி.

அது வெறும் களைப்பாக இருந்திருந்தால் நல்லது. மாரடைப்பாக இருந்திருந்தால்? அடைப்பு ஏற்பட்ட நேரத்திலிருந்து இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமடைகிறது. முதல் சில மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் தசையின் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடியும். எட்டரை மணி நேரம் படுத்திருந்தவருக்கு அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும்.

மாரடைப்பு என்றால் திரைப்படத்தில் வருவது போல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பலருக்கு அப்படி வருவதில்லை. குறிப்பாகப் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கடுமையான வலியே இல்லாமல் வரலாம். மூச்சு வாங்குவது, தாடையிலோ கையிலோ முதுகிலோ வலி, குமட்டல், காரணம் தெரியாத அசதி, இவற்றோடு நின்றுவிடலாம்.

வெயில் களைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எப்படிக் கண்டுகொள்வது? வெயில் களைப்பு என்றால் நிழலில் உட்கார்ந்து, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் குடித்தால் படிப்படியாகக் குறையும். கால் தசை இழுப்பதும் தலைவலியும் அதோடு சேர்ந்து வரலாம். இதயக் கோளாறால் வரும் வியர்வை பெரும்பாலும் குளிர்ந்து, பிசுபிசுப்பாக இருக்கும். மின்விசிறியின் கீழ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வேர்க்கும். முகம் வெளிறிப்போகும்.

இருந்தாலும் இந்த வேறுபாட்டை வைத்து வீட்டிலேயே முடிவெடுக்கச் சொல்லவில்லை. மருத்துவர்களே இதயத் துடிப்புப் பதிவும் இரத்தப் பரிசோதனையும் செய்துதான் முடிவு சொல்கிறார்கள். நெஞ்சில் இறுக்கம் அல்லது அழுத்தம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள். டாக்சி பிடித்துப் போகலாம், மகன் வரட்டும், நாளைக்குப் பலதுறை மருந்தகத்தில் காட்டலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மருத்துவ வாகனத்தில் வருபவர்கள் வழியிலேயே சிகிச்சையைத் தொடங்குவார்கள். போய்ப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வெயிலினாலேயே உயிருக்கு ஆபத்து வரும் நிலையும் உண்டு. உடம்பு கொதித்து, பேச்சு குழறி, இருக்கும் இடம் தெரியாமல் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அதற்கும் 995தான். உதவி வரும்வரை அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மருந்தும் தண்ணீரும்

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து சாப்பிடுவோர் கவனிக்க வேண்டிய பகுதி இது.

பலருக்கு "தண்ணி மாத்திரை" கொடுக்கப்பட்டிருக்கும். உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை அது. வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொண்டால் நீர் அளவுக்கு மேல் குறைந்து, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். இரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். வெப்பம் ஒரு பக்கம் அழுத்தத்தை இறக்க, மாத்திரை இன்னொரு பக்கம் இறக்கும். அட்டெனலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பை மெதுவாக்குகின்றன. அவற்றைச் சாப்பிடுவோரின் இதயம் வெயிலுக்கு ஏற்ப வேகமெடுக்கச் சிரமப்படும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பாதியாக உடைத்துச் சாப்பிடுவதும் வேண்டாம். திடீரென்று நிறுத்துவது வெயிலைவிட ஆபத்து. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "ஒரு நாளைக்கு நான் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? வெயில் கடுமையாக இருக்கும் நாட்களில் மாத்திரையில் மாற்றம் வேண்டுமா? வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?" ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிவு செய்திருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடமே இதைப் பேசலாம்.

முதல் கேள்வி மிக முக்கியம். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற பொதுவான அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் ஒரு அளவு சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் வெயில் என்று அளவை மீறிக் குடித்தால் காலில் வீக்கமும் மூச்சுத் திணறலும் வரும். வெயிலுக்குப் பயந்து அளவுக்கும் குறைவாகக் குடித்தாலும் கெடுதல். இவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். மருத்துவரை உடனே தொடர்புகொள்ளுங்கள்.

அப்படிக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் தாகத்துக்குக் காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. இரவில் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று மாலைக்குமேல் தண்ணீரே தொடாதவர்கள் நம்மில் பலர். அவர்கள் பகலிலேயே கூடுதலாகக் குடித்துக்கொள்ளட்டும்.

நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களிடம் இருக்கிறதா? அது வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சக்தியை இழந்துவிடும். அது வந்த கண்ணாடிப் புட்டியிலேயே வைத்திருங்கள். சட்டைப் பையில் உடம்போடு ஒட்டியோ, சன்னலோரமோ, அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டிக்கும் மாற்றாதீர்கள். புட்டியைத் திறந்த தேதியை எழுதி, எத்தனை வாரத்தில் மாற்ற வேண்டும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். சாப்பிடும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள், நின்றபடி சாப்பிட்டால் தலை சுற்றி விழ நேரிடும். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 995.

மோர், இளநீர், டே

நீர்மோர் நல்லதுதான். உப்புதான் சிக்கல். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலேயே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் உப்பு இல்லாதது தெரியாது. "வியர்வையில் உப்புப் போகிறதே" என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அன்றாடச் சாப்பாட்டில் உள்ள உப்பே அதை ஈடுகட்டிவிடும்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பலவீனமானவர்களும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோரும் அளவு கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும். பொட்டாசியம் மிஞ்சினால் இதயத் துடிப்பு தடம் மாறும். கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கலாம். அதற்கும் இதே எச்சரிக்கை.

காப்பிக்கடையில் நண்பர்களோடு குடிக்கும் டேயை விட்டுவிடச் சொல்லப்போவதில்லை. கெட்டிப்பாலுக்குப் பதில் டே ஓ கோசோங் அல்லது டே சி கோசோங் கேளுங்கள். பாண்டுங், சர்பத், புட்டியில் வரும் இனிப்பு பானங்கள் தாகத்தைத் தணிப்பது போல் இருக்கும். சர்க்கரையைத் தவிர வேறெதுவும் பெரிதாக மிஞ்சாது.

நடையை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்

வெயில் கடுமையான மாதங்களில் "வெளியே போகாதீர்கள்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அக்கறைதான். ஆனால் அந்த ஒரு அறிவுரையால் நடை நின்றுவிடுகிறது, சந்தைக்குப் போவது நின்றுவிடுகிறது, நாலு பேரைப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது. நிறுத்துவதைவிட நேரத்தையும் இடத்தையும் மாற்றுவதே சரி. காலை எட்டு மணிக்குள் நடந்துவிடுங்கள், அல்லது மாலை ஆறுக்குமேல். பகலில் வீடு அடுப்பாகக் கொதித்தால் நூலகமோ சமூக மன்றமோ நல்ல இடம். நூலகத்தில் தமிழ் முரசு படித்துக்கொண்டே குளிர்ச்சியில் உட்காரலாம். குளிரூட்டிய கடைத்தொகுதியிலும் நடக்கலாம்; ஆனால் வெயிலில் வேர்த்துப் போனவர்கள் வாசலில் சற்று நின்று, ஆறிக்கொண்டு உள்ளே போங்கள்.

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடமோ காவடியோ எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரதம், வெறுங்கால், கொதிக்கும் சாலை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துகொள்கின்றன. உணவு குறையும்போது நீரிழிவு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இதயத்தில் குழாய் வைத்துச் சில மாதங்களே ஆனவர்கள் இந்த ஆண்டு பிரார்த்தனையை வேறு விதமாகச் செலுத்தலாமா என்று குடும்பத்தோடு பேசிப் பாருங்கள்.

நெஞ்சு கனக்கும்போது

தமிழில் நெஞ்சு என்றால் மார்பும்தான், மனமும்தான். "நெஞ்சு கனக்குது", "நெஞ்சை அடைக்குது" என்று ஒருவர் சொன்னால் அவர் வலியைச் சொல்கிறாரா, துக்கத்தைச் சொல்கிறாரா என்று வீட்டில் இருப்பவர்களுக்கே சில சமயம் புரியாது. தமிழ் தெரியாத மருத்துவரிடம் மகளோ மருமகனோ மொழிபெயர்த்துச் சொல்லும்போது பொருள் இன்னும் மாறிப்போகலாம். துக்கத்தைச் சொன்னவருக்கு இதயப் பரிசோதனை செய்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். வலியைச் சொன்னவருக்கு "கவலைப்படாதீர்கள்" என்ற ஆறுதல் கிடைக்கும். இரண்டுமே தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவை.

ஆகவே சொல்லும்போது விரலால் இடத்தைக் காட்டுங்கள். எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். படி ஏறும்போது வந்து, நின்றால் விடுகிறதா? விடியற்காலை விழித்துக்கொண்டு, போனவரை நினைக்கும்போது வருகிறதா? இரண்டும் சேர்ந்து இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள்.

மனத்தின் பாரம் இதயத்தைத் தொடாமல் இருப்பதில்லை. கடும் துக்கத்திலோ அதிர்ச்சியிலோ இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று பலவீனமாகி, மாரடைப்பைப் போலவே வலிக்கும் ஒரு நோயை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அது அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அவ்வளவு தீவிரமாக இல்லாவிட்டாலும், மனச்சோர்வு நீடித்தால் மருந்து சாப்பிட மனம் வராது, சமைக்கத் தோன்றாது, தூக்கம் கெடும். மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கு மனச்சோர்வு வருவதும் சாதாரணம். அதற்கும் சிகிச்சை உண்டு.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்குகிறது. இரவில் தூக்கமில்லை, பகலில் எரிச்சல். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வீட்டில் சத்தம். "அம்மா இப்போதெல்லாம் கோபப்படுகிறார்" என்று பிள்ளைகள் சொல்வது பல சமயம் தூக்கமின்மைதான். படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் குளித்து, மெல்லிய பருத்தி உடை அணிந்து, மின்விசிறியைப் படுக்கையை நோக்கி வையுங்கள். மாலைக்குமேல் காப்பி வேண்டாம். மின்கட்டணத்துக்குப் பயந்து விசிறியைக்கூட அணைத்துவைப்போர் இருக்கிறார்கள். விசிறிக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு.

தனியாக வாழ்வோருக்கு ஒரு யோசனை. தினமும் ஒரே நேரத்தில் ஒருவரோடு தொலைபேசியில் பேசும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அக்காளோ, பழைய வேலைத் தோழரோ, எதிர்வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் நீங்கள் எடுக்காவிட்டால் அவர் தேடி வருவார் என்று பேசிவையுங்கள். மனத்துக்கும் துணை, உடம்புக்கும் காவல். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கம்பக்கத்தில் துடிப்பாக மூப்படைதல் நிலையங்கள் இருக்கின்றன. உடற்பயிற்சி, சேர்ந்து சாப்பிடுவது, வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகும் தொண்டூழியர்கள் எல்லாம் உண்டு. "அங்கே எல்லாரும் சீனம் பேசுவார்கள்" என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. தமிழ் பேசும் ஒருவரை முதல் நாள் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நிலையம் அருகில் உள்ளது என்று ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் கேட்கலாம்.

இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் ஆர்வமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் தேசிய மைண்ட்லைன் 1771ஐ அழைக்கலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767ஐ உடனே அழையுங்கள்.

தொலைபேசி அருகே ஒரு தாள்

அவசரத்தில் சொந்த முகவரிகூட மறந்துபோகும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதித் தொலைபேசி அருகே ஒட்டுங்கள். புளோக் எண், மாடி, வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. உங்களுக்கு உள்ள நோய்கள், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை. பிள்ளைகளின் கைபேசி எண்கள். எதிர்வீட்டுக்காரரின் எண். முகவரியை ஆங்கிலத்திலும் எழுதி, அதைப் படித்துச் சொல்லிப் பழகுங்கள்.

995ஐ அழைத்ததும் இரும்புக் கேட்டையும் கதவையும் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். தொலைபேசியை வைத்துவிட வேண்டாம். யாராவது மயங்கி விழுந்து மூச்சில்லாமல் இருந்தால், மார்பை எப்படி அழுத்துவது என்று மறுமுனையில் இருப்பவர் படிப்படியாகச் சொல்வார். பல வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு அருகில், இதயத் துடிப்பை மீட்கும் கருவி பெட்டிக்குள் மாட்டப்பட்டிருக்கும். உங்கள் புளோக்கில் இருக்கிறதா, இல்லாவிட்டால் பக்கத்துப் புளோக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்று மாலை கீழே இறங்கும்போது பார்த்து, அதையும் அந்தத் தாளில் எழுதிவையுங்கள்.